மாசிலாமணியின் பிரஷ்

ஓய்வு பெற்ற மில் ஆட்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த பேசும் பல் பிரஷை மாசிலாமணி நம்பவில்லை. வாய்க்குள் உளவு பார்க்கிற சாமான் என்றார். பயன்படுத்தாவிட்டால் அது ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடும், நர்ஸ் வீட்டுக்கே வந்துவிடுவாள் என்பதால், மனைவி தனபாக்கியத்தை அதில் பல் விளக்கச் சொன்னார்.

ஒரு நாள் காலையில் பிரஷ் பேசியது.

"மாசிலாமணி ஐயா, உங்கள் ஈறில் ரத்தம் கசிகிறது. பல்லைத் தாங்கும் எலும்பும் கரைகிறது. உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்."

"புளுகாத! என் ஈறு கருங்கல்லு" என்று சிரித்தவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

"பாக்கியம், ரத்தம் வருதா உனக்கு?"

"வெத்தல போடுற வாய். துப்புனா எல்லாம் செவப்புதான், எத கண்டேன்? ரெண்டு பல்லு மட்டும் ஆடுது."

ஆஸ்பத்திரியில் அவர் பெயரைக் கூப்பிட்டதும், மனைவியை நாற்காலியில் உட்காரவைத்தார்.

"பேரு என்னுது, வாய் இவளுது டாக்டரம்மா. புடுங்காம காப்பாத்திக் குடுங்க. முறுக்கு சுட்டா மொதல்ல கடிச்சுப் பாக்குறவ இவதான்."