வெறும் கிரைண்டர்

“குவார்ட்டர்ஸே திரண்டு வந்திருக்குது. பஞ்சாயத்துங்களா?” என்று கேட்டாள் சாந்தாமணி.

வந்திருந்தவர்கள்: மூடிக் கிடக்கும் தேயிலை ஃபேக்டரியின் வாட்ச்மேன் கொர்னேலியஸ், அவர் மனைவி ஜெஸிந்தா, அடுத்த வீட்டுக் கலைமதி, அவள் தோளில் கைக்குழந்தை, யாரும் கூப்பிடாமல் கூடவே வந்த தெருநாய். நாயைத் தவிர எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது.

சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாந்தாமணியின் புருஷன் மருதாசலத்துக்கும் கண் சிவப்புதான். இவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். சமையலறை மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த கிரைண்டர் பக்கம் பார்வை போகாமல் பார்த்துக்கொண்டார்.

முப்பது வருஷம் அந்த ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட் டீ மேக்கர்; இலையைத் தூளாக்கும் மிஷின்களெல்லாம் அவர் பொறுப்பு. ரிடையரானால் ராத்திரியில் மனுஷன் மாதிரி தூங்க வேண்டும், அது ஒன்றுதான் அவர் ஆசை. ரிடையரான புதிதில் தூங்கவும் செய்தார். ஜன்னலுக்கு எதிரே ரோலர்கள் கடகடவென்று ஓட, அடுத்தவன் வேலை செய்கிற சத்தத்தைக் கேட்டபடி கண்ணை மூடுவதில் தனி சுகம் இருந்தது.

பிறகு தேயிலை விலை விழுந்தது. ஃபேக்டரிக்குப் பூட்டுப் போட்டார்கள். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லக்கூட ஆளில்லை. மஞ்சூர் மலையின் அமைதியில் அவருக்குப் பொட்டுத் தூக்கம் வரவில்லை. விடிய விடிய வாசலில் நடந்தார். பனி இறங்கி, நெஞ்சுச் சளி பிடித்து, ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தார்.

கிரைண்டர் யோசனை சாந்தாமணியுடையது. கல்லில் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட விட்டாள். கால் மணி நேரத்தில் குறட்டை கேட்டது. அன்றிலிருந்து அதுதான் அவருக்கு மருந்து. ஆனால் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்க ஒரே தகரக் கூரை. சத்தம் கடைசி வீடுவரை போகும்.

“டீ மேக்கரய்யா...” கொர்னேலியஸ் தொண்டையைச் செருமினார். “சொல்லச் சங்கடமாத்தான் இருக்குதுங்க. உங்க ஊட்டு கிரைண்டர் விஷயம்.”

“தெரியும்.”

“ரெண்டு மூணு நாளா எங்க யாருக்குமே தூக்கமில்லீங்க.”

“ரெண்டு மூணு நாளாவா?” என்று ஆரம்பித்தாள் சாந்தாமணி. மருதாசலம் கையைக் காட்டி அடக்கினார்.

“இவனப் பாருங்க மாமா,” என்றாள் கலைமதி. “ராத்திரி பூரா கத்தறான். தோள்ல போட்டு நடந்து நடந்து எனக்கு இடுப்பே போச்சுங்க.”

“ஏன், இவரு மட்டும் என்ன?” ஜெஸிந்தா புருஷனைக் கை காட்டினாள். “தூக்கம் வரலீன்னா எந்திரிச்சு டார்ச் எடுத்துக்கிட்டு ரவுண்டு போறாரு. ஷிப்ட்டு ஆளுங்கள உள்ள வெச்சுப் பூட்டற மாதிரி என்னய ஊட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போறாரு!”

“நீ கொஞ்சம் சும்மா இரு.”

“நா எதுக்குச் சும்மா இருக்கோணும்? கேக்கத்தானே வந்தோம்?”

மருதாசலம் எழுந்து நின்றார்.

“தப்பு எம்பேர்லதான். அரிசியுமில்ல, உளுந்துமில்ல. எனக்குத் தூக்கம் வரோணும்னு வெறும் கிரைண்டர ஓட்டினோம். நாலு பேர் தூங்கற நேரத்துல அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. இனி ஓடாதுங்க. நாளைக்கே ஊட்டிக்குப் போற வண்டியில ஏத்தி வித்துடறேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இனி செத்தால்தான் தூக்கம் என்று முகத்திலேயே தெரிந்தது.

கொர்னேலியஸ் பதறிப்போனார்.

“விக்கறீங்களா? ஏனுங்க, அத எதுக்கு நிறுத்தினீங்கன்னு கேக்கத்தானுங்க நாங்க வந்ததே!”

நாய் கொட்டாவி விட்டது.

“பெல்ட்டு அறுந்துருச்சுங்க,” என்றாள் சாந்தாமணி. “அதத்தான் சொல்ல வந்தேன். எங்க, இவரு பேச விட்டாத்தானே?”

“ஃபேக்டரி சத்தத்துலயே பொறந்தவன் மாமா இவன்,” என்றாள் கலைமதி. “அத மூடினப்புறம் உங்க கிரைண்டருக்குத்தான் கண்ண மூடினான். ஆனா ஒண்ணு, சாந்தாமணியக்கா. மாமா குறட்டை விட்டதும் நீங்க சுவிட்ச அமுத்திர்றீங்க. நடுச்சாமத்துல இவன் முழிச்சுக்கறான். விடிய விடிய ஓடினாத்தான் தேவல.”

“வெறுங்கல்லு விடிய விடிய ஓடினாச் சூடேறிப் போகும். பக்கத்துல ஒராளு முழிச்சிருந்து தண்ணி ஊத்தோணும்,” என்றாள் சாந்தாமணி.

“மிஷின் தெரிஞ்ச ஆளாவும் இருக்கோணும்,” என்றார் கொர்னேலியஸ்.

எல்லோரும் மருதாசலத்தைப் பார்த்தார்கள்.

“அவரு பகல்ல தூங்கிக்குவாருங்க,” என்றாள் சாந்தாமணி. “பழக்கந்தானே.”

அன்று சாயங்காலமே புது பெல்ட் வந்தது. வரிசையின் நடுவில், திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர்கள் விட்டுப்போன காலி வீட்டுக்குக் கிரைண்டரைத் தூக்கிப்போனார்கள். நாய் படுக்க வாசலில் போட்டிருந்த தன் பழைய ஃபேக்டரி காக்கி கோட்டை உதறி மாட்டிக்கொண்டு, ஃப்ளாஸ்க்கும் கையுமாக மருதாசலம் உள்ளே போனார். சத்தம் கிளம்பியது. ஒவ்வொரு வீடாக விளக்கு அணைந்தது. கலைமதியின் குழந்தை அழுகையைப் பாதியில் நிறுத்தியது.

ராத்திரி ஷிப்ட் ஆட்கள் தேயிலைத் தூளை மடியில் கட்டிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று இத்தனை வருஷம் செய்து வந்த பழக்கத்தில், கொர்னேலியஸ் கிரைண்டர் ஓடும் வீட்டின் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினார்.