பன்னிரண்டு மணி நீட்டிப்பு

சமையலறையில் அண்டா உருண்ட சத்தம் கேட்டு, சேவுகன் கல்லாவை விட்டு ஓடினார். கொதிக்கிற சாம்பார் தரையெல்லாம் ஓட, மனைவி அலமேலுவின் கால் அண்டாவுக்கு அடியில் சிக்கியிருந்தது. வேலையாட்கள் சந்தைக்குப் போயிருந்தார்கள்.

அவர் குனிந்ததுமே அரசாங்கம் மாட்டிவிட்ட மணிக்கட்டுக் கண்காணிப்புப் பட்டை அலறியது. அவர்கள் ஓட்டல் போட்டிருந்த அந்த வெளிநாட்டில் முதலீட்டாளர் விசாக்காரர் உத்தரவு மட்டும் போடலாம். உடலுழைப்பில் இறங்கக் கூடாது. இறங்கினால் பட்டையே அவரைக் கூலியாள் என்று பதிந்து ஊருக்கு அனுப்பிவிடும். போன வாரம் பழக்கதோஷத்தில் எச்சில் இலையை எடுத்ததற்கே கடைசி எச்சரிக்கை வந்திருந்தது. இன்று பன்னிரண்டு மணிக்கு விசா நீட்டிப்பு கிடைத்தால் அந்த எச்சரிக்கை அழிந்துவிடும். இன்னும் நாலு நிமிடம்.

சேவுகன் அண்டாவின் காதைப் பிடித்தார்.

"ஐயோ, கையை எடுங்க!" அலமேலு பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள். "நாலு நிமிஷம் நான் பொறுத்துக்குவேன். நீங்க முதலாளியாவே நில்லுங்க!"