நம்ம ரத்தம்

குழந்தைக்கு வந்திருந்தது அப்பாவின் ரத்த வகை; என் ரத்தம் அதை வயிற்றுக்குள்ளேயே அழித்துவிட்டது என்றார் டாக்டர். மஞ்சள் பூத்த மகளைச் சின்னச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தோம். பூண்டெண்ணெயில் பொரித்த மீனைத் தின்ற விரல்களைச் சூப்பிக்கொண்டே வந்தார் பெரியப்பா ஃபெர்மின். அர்ஜென்டினாவிலேயே பிறந்தவர், முன்னோர் கடலுக்கு அப்பால் விட்டுவந்த பாஸ்க் தேசத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"பாத்தியா கண்ணு, நாலு தலைமுறை ஆகியும் நம்ம பாஸ்க் ரத்தம் வேத்தாளச் சேத்துக்கல," என்றார் பெருமையாக. துக்கத்துக்கு வந்திருந்த பாஸ்க் சங்கத்துக்காரர்கள் தலையாட்டினார்கள். இந்த மண்ணின் பூர்வகுடியான மாபுச்சே இனத்தவன், என் கணவன் நவெல் சுவரைப் பார்த்து நின்றான்.

பெரியப்பா குனிந்து குழந்தையின் காதை வருடினார். "ஆனா காது நம்ம காதுதான்."

நான் துடைக்கத் துடைக்க அந்தக் காதில் எண்ணெய் பளபளத்தது.

"நவெல், வெந்நீர் கொண்டா," என்றேன். "இவள மறுபடியும் குளிப்பாட்டணும்."