பாக்கெட் மேல் ஒரு கோடு

கடைக்காரி ஸ்கேலை எடுத்துப் பிள்ளையின் சட்டைப் பாக்கெட் மேல் இருந்த கோட்டில் வைத்து அளந்தாள்.

பிள்ளை அசையாமல் நின்றது. ஏழாம் வகுப்பு. முதுகில் பை, தோளில் தண்ணீர் பாட்டில். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் கடையில் நின்றது.

"கோடு தடிச்சிருக்காம்க்கா," என்றாள் பிள்ளையின் தாய் செல்வராணி. "பிரேயர்ல எல்லார் முன்னாடியும் தனியா நிறுத்தி அளந்தாங்களாம். கூட்டிட்டுப் போங்கன்னு எனக்குப் போன் வருது."

தடித்துத்தான் இருந்தது. ஒரு நூல் அளவு.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுடையது பழைய சீருடைக் கடை. வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் சட்டைகளை வாங்குவாள். துவைத்து, காலரைத் திருப்பி, பட்டன் மாற்றி, இஸ்திரி போட்டு விற்பாள். போட்டுப் பார்க்கத் திரை கட்டியிருந்தாள். வளருகிற பிள்ளை என்று ஓரத்தைத் தாராளமாக மடித்துத் தைத்திருப்பாள். பிறகு பிரித்துவிடக் காசு வாங்கமாட்டாள். பள்ளியின் ஸ்டோரில் வாங்கிய புதுச் சட்டைக்குப் பட்டன் போனால் கேட்க நாதியில்லை.

இந்த வருடம் பள்ளி, பாக்கெட் மேல் ஒரு கோடு போட்டது.

ஒரே ஒரு மெரூன் கோடு.

அழகுக்கு என்றார்கள். யாருக்கு அழகு? பழையதை ஒருத்தரும் போட்டுவிடக் கூடாது. அதற்குத்தான் கோடு. அவள் கடையில் தொங்கிய அத்தனை சட்டையும் ஒரே நாளில் செல்லாக்காசு ஆனது.

அவள் அழவில்லை. மெரூன் நாடா வாங்கி வந்தாள். கடைவீதியில் கிடைத்தது ஒரு நூல் கூடின அகலத்தில்தான். ஒவ்வொரு பாக்கெட்டிலும் வைத்துத் தைத்தாள்.

அதைத்தான் ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறார்கள். ஒரு பிள்ளையைத் தனியாக நிறுத்தி, வேறு வேலையே இல்லாமல்.

"நாளைக்கும் இதையே போட்டு அனுப்பு."

"திரும்பவும் நிக்க வெப்பாங்கக்கா. இவ போகமாட்டேங்கறா."

அவள் கல்லாவைத் திறந்தாள். சட்டைக்கு வாங்கிய காசைத் திருப்பி நீட்டினாள். செல்வராணி வாங்கவில்லை.

பிள்ளை பாக்கெட்டைக் கையால் பொத்திக்கொண்டே தெருவில் இறங்கியது.

அன்று சாயங்காலம் வரை அவள் மிஷினைத் தொடவில்லை. யாரிடமாவது கத்த வேண்டும்போல் இருந்தது. கத்துவதற்குக் கடையில் யாரும் இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில், பள்ளி ஸ்டோரைக் கவனிக்கும் குருசாமி வந்தார். ஸ்கூட்டரில் பெரிய மூட்டை. உள்ளே இறக்கிவைத்து, வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"புதுச் சட்டை வர லேட்டாகுதும்மா. பாதிப் பிள்ளைங்களுக்கு இன்னும் குடுக்கல. போன வருஷத்து ஸ்டாக் மீந்து கெடக்கு. அதுல கோடு வெச்சுக் குடுத்துட்டா திங்கக்கெழம குடுத்துருவோம். நீங்கதான் சுத்தமா தைக்கிறீங்கன்னு சொன்னாங்க."

அவள் மூட்டையை அவிழ்த்தாள்.

கோடில்லாத சட்டைகள். அவள் கடையில் தொங்கிய அதே சட்டைகள். அதே துணி, அதே பாக்கெட்.

"இதைப் புதுசுன்னு விப்பீங்களா?"

"புதுசுதானேம்மா. யாரும் போடலையே."

"விலை?"

"இந்த வருஷத்து வெலதான்." குருசாமி சிரித்தார். "நீங்க தெச்சதுன்னு மட்டும் வெளிய தெரிய வேண்டாம்."

மூட்டையைத் தூக்கித் தெருவில் எறியக் கை துடித்தது. காலையில் அந்தப் பிள்ளையை நிறுத்தினீர்களே என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு தையல்காரரிடம் போவார்.

அவள் கேள்வியை விழுங்கினாள். கோபத்தை விழுங்கவில்லை.

சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மிஷின் பக்கத்தில் அடுக்கினாள். பாதிப் பள்ளிக்கூடம் அங்கே இருந்தது.

"தெச்சுத் தரேண்ணே."

குருசாமிக்கு நிம்மதி. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டவர், வாசலில் நின்று திரும்பினார்.

"நாடா எவ்வளவு வேணும்மா? எங்க ஸ்டோர்ல இருந்தே குடுத்து விடறேன்."

"வேண்டாம்ணே," என்றாள், மிஷின் மேல் கிடந்த அந்தத் தடித்த நாடாச் சுருளை எடுத்தபடி. "எங்கிட்டயே நெறைய இருக்கு."