மறுநாள் ஒலிக்கும் காசு

என் அக்காவின் காதுக்கு ஈடு கிடையாது. சட்டைப் பொத்தான் அளவே உள்ள பழைய பிரிட்டிஷ் வெள்ளிக் காசுகளை, மூன்று பென்னிக் காசுகளை, அவள் சேர்த்துவந்தாள். எதையும் முதலில் சமையலறைக் கல்மேடையில் போட்டுப் பார்ப்பாள். கணீரென்றால் வெள்ளி, டொக்கென்றால் கலப்படம். பழங்காசுக் கடைக்காரரே அவள் காதைக் கேட்டுத்தான் விலை வைப்பார்.

ஒருமுறை அவர் கொண்டுவந்த காசு, மேடையில் விழுந்தும் சத்தமே போடவில்லை. அவர் முகம் தொங்கிவிட்டது.

“போலி போல இருக்கும்மா. குடுங்க, எடுத்துட்டுப் போறேன்.”

“அட, இருங்க. ராணி முகம் எவ்ளோ அழகா தேஞ்சிருக்கு, பாருங்க. எத்தனையோ கை பட்ட தேய்மானம். போலிக்கு இது வராது” என்று அக்கா வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அதே நேரத்தில் நாங்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். காசு அலமாரிக்குள் இருந்தது. வெறும் மேடை கணீரென்றது.

“சொன்னேன்ல, அசல் வெள்ளி. கொஞ்சம் சோம்பேறி, அவ்வளவுதான்” என்று அக்கா சிரித்தாள். அதன்பின் எப்போது போட்டாலும் அந்தக் காசு மறுநாள்தான் ஒலிக்கும்.

போன மாதம் அக்கா இறந்துபோனாள். அடக்கம் முடிந்த மறுநாள் மாலை, அத்தானும் நானும் பாத்திரம் கழுவும்போது மேடை கணீரென்றது.

“நேத்து யாரு போட்டா?” என்றேன். நேற்று இந்நேரம் வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் நின்றிருந்தோம்.

அத்தான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன சுத்தமான சத்தம்!” என்றார்.

அன்றிலிருந்து அந்த மேடையில் நாங்கள் ஒரு கரண்டிகூட வைப்பதில்லை.