மூன்றாவது வரி

இடுப்பு ஆபரேஷன் முடிந்ததிலிருந்து அம்மாவுக்கு நாள், இடம், ஆள் எல்லாமே குழம்பிப்போயிருந்தது. "வயசானவங்களுக்கு இப்படி ஆகும். தினமும் எழுதிக் காட்டுங்க, சரியாயிடும்" என்றார் நர்ஸ்.

கட்டிலருகே ஒரு வெள்ளைப் பலகை வைத்து எழுதினேன்: 'இன்று செவ்வாய். இது மருத்துவமனை. குளியலறையில் வழுக்கி விழுந்தாய்.'

அம்மா எட்டி மூன்றாவது வரியை மட்டும் அழித்தாள்.

மறுநாளும் எழுதினேன்; அழித்தாள். பழப்பையோடு வந்த அப்பாவைப் பார்த்து, "இந்த ஆளை வெளிய போகச் சொல்லு!" என்று கத்தினாள்.

"ஏதோ குழப்பத்துல பேசுறா. மனசுல வெச்சுக்காதீங்கப்பா" என்று நான்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன்.

ஐந்தாம் நாள், டாக்டர் கேட்ட கிழமை, மாதம், பேத்தி படிக்கும் வகுப்பு எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னாள். "அம்மா நல்லா தெளிஞ்சுட்டாங்க" என்று சிரித்தார் டாக்டர்.

"அந்தப் பேனாவைக் குடுடி" என்று என்னிடம் கை நீட்டினாள் அம்மா.

மூன்றாவது வரியை அழித்துவிட்டு, நடுங்காத கையால் அம்மாவே எழுதினாள்: 'அவர் தள்ளிவிட்டார்.'

வழுக்கி விழுந்ததாக எங்களுக்குச் சொன்னது அப்பாதான். அவர் வாசலிலேயே நின்றார். "இவளுக்கு இன்னும் தெளியல டாக்டர்."

"நாப்பது வருஷம் தெளியாமத்தான் இருந்தேன்" என்றாள் அம்மா. "பலகையை அவருக்கு நேரா திருப்பி வைடி."