இரண்டாவதாக வருகிறவள்

குணலட்சுமி ரீச்சருக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை. நானூறு மீற்றர் ஓட்டத்தில் அவருடைய மாணவி நதாவை முந்த அந்தக் கல்வி வலயத்திலேயே ஆள் கிடையாது. சனிக்கிழமை போட்டி. இந்த நேரம் பார்த்து, வாப்பா விடமாட்டாராம் என்று சொல்லி அவள் விலகிவிட்டாள்.

பதினைந்து வயதுப் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்துவைத்தே நோயாளியாக்குகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் பொரிந்து தள்ளினார். பள்ளிக்கூடம் விட்ட கையோடு மகள் நிவேதனாவையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு நதாவின் வீட்டுக்கே போய்விட்டார்.

நிவேதனாவும் அதே ஓட்டம்தான். எப்போதும் நதாவுக்கு அடுத்ததாக வருவாள். நதா ஓடாவிட்டால் மகளுக்குத்தான் முதலிடம். இருந்தும் நியாயம் கேட்க வந்திருக்கிறோமே என்று ரீச்சருக்குத் தன்மேலேயே ஒரு மதிப்பு.

நதாவின் தகப்பன் நளீர் தட்டில் தித்திப்பான வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தார். நிவேதனாவின் கை நீண்டது. ரீச்சர் ஒரு பார்வை பார்த்தார். கை திரும்பவும் மடிக்கே போய்விட்டது.

"போட்டி முடியட்டும். உடம்பு கனத்தா கால் எழும்பாது," என்றார். பிள்ளை ஏற்கெனவே காய்ந்து கருவாடாகத்தான் இருந்தாள்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். "உங்கடை ஆக்கள் பொம்பிளைப் பிள்ளையளை ஓட விடுறேல்லை எண்டு எனக்குத் தெரியும். ஆனா அவளின்ரை உடம்பையும் கொஞ்சம் யோசியுங்கோ."

நளீருக்கு அந்தப் பேச்சு சுட்டது. வீடு தேடி வந்தவர் ஆயிற்றே என்று விழுங்கிக்கொண்டார்.

"நான் எப்ப ரீச்சர் வேண்டாம் எண்டனான்? கால் நோகுது எண்டெல்லோ என்னட்டைச் சொன்னவ. போன கிழமைதான் ஓடுறதுக்கெண்டு புதுச் சப்பாத்து வாங்கிக் குடுத்தனான்."

சப்பாத்துப் பெட்டி மூலையில் பிரிக்காமலே கிடந்தது.

ரீச்சர் நதாவைக் கிணற்றடிக்குத் தனியே கூட்டிப்போனார். ஏன் இப்படி வாப்பாவின் தலையில் பழியைப் போட்டாய் என்று கேட்டார்.

"அப்பிடிச் சொன்னா நீங்கள் உடனை நம்புவீங்கள் எண்டு தெரியும் ரீச்சர்."

ரீச்சருக்கு முகம் கறுத்துவிட்டது. "அப்ப உண்மையிலை ஏன் ஓடமாட்டன் எண்டுறாய்?"

நதா உள்ளே தட்டின் முன்னால் கை கட்டி இருந்த நிவேதனாவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"நிவேதனா ரண்டாவதா வாற நாளிலை நீங்கள் அவவுக்கு இரவுச் சாப்பாடு குடுக்கிறேல்லையாம், ரீச்சர்."